தலைவலிக்கு ஒரு நோட்டுப் புத்தகம்



இந்த மாதப் பாடத்துக்கு "உடல்நலம் பேணுதல்" என்று தலைப்புக் கொடுத்து என்னை எழுதச் சொன்னார் நம் கிளையில் வகுப்பு நடத்தும் அண்ணன். "நான் டாக்டரில்லையே அண்ணா, எலக்ட்ரிக்கல் என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டுதானே படிக்கிறேன்" என்றேன். "டாக்டர் எழுதினா மருந்தப் பத்தி எழுதுவாரு. நீ தினமும் எப்படிச் சமாளிக்கிறேங்கிறத எழுதும்மா. நம்ம பிள்ளைங்கள்ல எத்தனையோ பேரு வெளிய சொல்லாமயே இருக்காங்க" என்றார். அந்தக் கடைசி வார்த்தை என்னைச் சுட்டது. வெளியே சொல்லாமல் இருந்தவர்களில் நானும் ஒருத்தி. அதனால் எனக்கு வந்த விளைவையும் சேர்த்தே இங்கே எழுதுகிறேன்.

எனக்கு இரண்டு நோய்கள் உண்டு. ஆஸ்துமா சின்ன வயதிலிருந்தே இருக்கிறது. ஒற்றைத் தலைவலி, அதாவது மைக்ரேன், படிவம் மூன்று படிக்கும்போது வந்தது. இரண்டும் வெளியே தெரியாது. கையில் கட்டு இருந்தால் "என்ன ஆச்சு?" என்று நாலு பேர் கேட்பார்கள். தலைக்குள் வலித்தால் யாருக்கும் தெரியாது. நாமாகச் சொன்னால்தான் உண்டு.

1. ஒரு சாதாரண நாள்

எங்கள் வீடு பூச்சோங்கில் ஓர் அடுக்குமாடியில் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு எழுந்ததும் நான் முதலில் பார்ப்பது போனை அல்ல, என் கழுத்தை. கழுத்து பிடித்திருக்கிறதா, காரணமில்லாமல் கொட்டாவி வருகிறதா, இனிப்பு தின்ன வேண்டும்போல் இருக்கிறதா என்று பார்ப்பேன். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் மத்தியானத்துக்குள் வலி வரும் என்று அனுபவத்தில் தெரிந்துகொண்டேன்.

குளித்து, விபூதி பூசி, இன்ஹேலர் எடுத்துக்கொண்டு, கட்டாயம் பசியாறிவிட்டுத்தான் கிளம்புவேன். பசியாறாமல் போனால் அன்றைய நாள் முடிந்தது. முன்பெல்லாம் பூச்சோங்கிலிருந்து வெளியே போக எல்.டி.பி. நெடுஞ்சாலை ஜேமில் உட்கார வேண்டும். 2016க்குப் பிறகு எல்.ஆர்.டி. வந்துவிட்டது, அதில் போகிறேன். ஆனால் காலை வெயில் சன்னல் வழியே கம்பங்களுக்கு இடையில் விட்டுவிட்டு மின்னும். அது எனக்கு ஊசி மாதிரி. அதனால் கறுப்புக் கண்ணாடி போடுவேன். "என்னா ஸ்டைலு!" என்று தோழிகள் சிரிப்பார்கள். நானும் சிரித்துக்கொள்வேன்.

லேபில் குழல்விளக்கு, லிஃப்டில் யாரோ போட்ட வாசனைத் திரவியம், வகுப்புக்குள் ஏர்கோன் குளிர், வெளியே வந்தால் அனல். மத்தியானச் சாப்பாடு சில நாள் மூன்று மணிக்குப் போய்விடும். இவற்றையெல்லாம் தாண்டி வீடு வந்து சேர்ந்தால் நல்ல நாள். தாண்ட முடியாத நாளில் விளக்கை அணைத்து, வாளியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படுத்துவிடுவேன்.

புகைமூட்டக் காலம் வந்தால் இரண்டு நோய்களும் கைகோர்த்துக்கொள்ளும். 2019 செப்டம்பரில் சிலாங்கூரில் பள்ளிகளையே மூடினார்களே, ஞாபகம் இருக்கிறதா? மற்ற பிள்ளைகளுக்கு அது விடுமுறை. எனக்கு மூச்சுக்கும் தலைக்கும் நடந்த சண்டை.

2. ஒற்றைத் தலைவலி என்றால் என்ன?

"தலைவலிதானே, எனக்கும்தான் வரும்" என்று சொல்லாதவர்கள் குறைவு. சாதாரணத் தலைவலி வேறு, இது வேறு. மைக்ரேன் மூளை நரம்புகள் சம்பந்தப்பட்ட நோய். பெரும்பாலும் தலையின் ஒரு பக்கம் துடிதுடித்து வலிக்கும். சிலருக்கு இரண்டு பக்கமும் வரலாம். மாடிப்படி ஏறினால் அதிகமாகும். குமட்டும், வாந்தி வரும். வெளிச்சமும் சத்தமும் பிடிக்காது. மருந்து எடுக்காவிட்டால் 4 மணி நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை நீடிக்கும். மைக்ரேன் என்ற சொல்லே "பாதித் தலை" என்ற பொருள் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. நம் தமிழில் ஒற்றைத் தலைவலி என்கிறோம். எங்கோ இருந்த கிரேக்கரும் நாமும் வலியைப் பார்த்து ஒரே மாதிரிதான் பெயர் வைத்திருக்கிறோம்.

சிலருக்கு வலி வருமுன் கண்ணில் ஒரு மாற்றம் தெரியும். வளைந்து வளைந்து மின்னும் கோடுகள் வரும், அல்லது பார்வையில் ஓரிடம் காணாமல் போகும். பொதுவாக ஒரு மணி நேரத்துக்குள் அது மறைந்துவிடும். இதை 'ஆரா' என்கிறார்கள். எனக்கு அது எப்போதாவது வரும்.

ஒரு மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ தலைவலி இருந்து, அதில் குறைந்தது 8 நாள் மைக்ரேன் குணத்தோடு இருந்து, இப்படியே 3 மாதத்துக்கு மேல் போனால் அது நாள்பட்ட மைக்ரேன். இது வம்சத்தில் ஓடக்கூடிய நோய். ஆண்களுக்கும் வரும், பெண்களுக்கு அதிகம். உலக நோய்ச்சுமை பற்றிய 2019ஆம் ஆண்டுக் கணக்கில், மனிதரை முடக்கிப்போடும் காரணங்களில் மைக்ரேன் இரண்டாம் இடத்தில் இருந்தது. இளம் பெண்களிடையே முதலிடம். இதை ஆராய்ந்த 4 விஞ்ஞானிகளுக்கு 2021இல் டென்மார்க்கின் மூளை ஆராய்ச்சிப் பரிசு கிடைத்தது. "சும்மா தலைவலி"க்கு அப்படிப் பரிசு கொடுப்பார்களா?

3. நான் செய்த தவறு

இரண்டாம் ஆண்டில் வலி அதிகமானது. அப்பா லாரி ஓட்டுகிறார், கிள்ளான் துறைமுகத்துக்கு ராத்திரி பகல் பார்க்காமல் போய் வருவார். படிப்புக்குக் கல்விக் கடன் வேறு எடுத்திருக்கிறேன். "உடம்பு முடியல" என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. ஒருமுறை விரிவுரையாளர் ஒருவரிடம் எம்.சி. கொடுத்தேன். "தலைவலிக்கெல்லாம் எம்.சி.யா?" என்று கேட்டார். அதோடு வெளியே சொல்வதை நிறுத்திவிட்டேன்.

பாராசிட்டமால் அட்டையைப் பென்சில் பெட்டிக்குள் வைத்துக்கொண்டேன். வலித்தால் போடுவேன். அப்புறம், வலிக்கும்போல இருந்தால் போடுவேன். கடைசியில், இன்றைக்கு டெஸ்ட் இருக்கிறது, வலிக்கக்கூடாது என்று காலையிலேயே போட ஆரம்பித்தேன். "இது சாதாரண மாத்திரைதானே, எல்லாக் கடையிலும் விக்கிறான்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

செமஸ்டர் கடைசிப் பரீட்சை. சர்க்கிட் பேப்பர். உட்கார்ந்து அரை மணி நேரம் ஆகியிருக்காது, கேள்வித்தாளின் இடது பாதி மின்ன ஆரம்பித்தது. எழுத்தே தெரியவில்லை. பின்னாலேயே வலி வந்தது. கையைத் தூக்கி, வெளியே போய், வாந்தி எடுத்து, சுவரோரம் உட்கார்ந்துவிட்டேன். ஒரு தோழி பையிலிருந்து வேறு ஏதோ வலி மாத்திரை கொடுத்தாள். என்ன மாத்திரை என்றுகூடக் கேட்காமல் விழுங்கினேன். அன்று ராத்திரி மூச்சு இழுக்க ஆரம்பித்தது. அம்மாவும் அப்பாவும் என்னை அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அந்தப் பேப்பர் ஃபெயில்.

மறுநாள் என் பையைச் சுத்தம் செய்த அம்மாவின் கையில் காலி மாத்திரை அட்டைகள் கிடைத்தன. ஒன்று இரண்டு அல்ல. மேசைமேல் வரிசையாக அடுக்கி வைத்துவிட்டு, "இதெல்லாம் என்னம்மா?" என்றார். திட்டவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு அம்மா மெதுவாகச் சொன்னார்: "எனக்கும் வரும்மா. ஒன்ன வயித்துல சுமந்தப்ப நின்னுச்சு, அப்புறம் திரும்ப வந்துச்சு. துணியக் கட்டிக்கிட்டு படுத்துக்குவேன். ஒங்கப்பாக்கிட்டகூட சொன்னதில்ல." தோட்டத்தில் பால்மரம் சீவிய பாட்டியும் அப்படித்தானாம். விடியற்காலை பெரட்டுக்குப் போகும்போதே தலையில் துண்டை இறுக்கிக் கட்டி, கோடாலித் தைலம் தேய்த்துக்கொண்டு போவாராம். மூன்று தலைமுறையாக எங்கள் வீட்டில் ஒரே வலி இருந்திருக்கிறது. ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதே இல்லை.

4. டாக்டர் கேட்ட கணக்கு

பக்கத்து அரசாங்க கிளினிக்குக்கு அம்மாவோடு போனேன். பதிவுக் கட்டணம் 1 வெள்ளி. மலாய் டாக்டர், அக்கா வயதுதான் இருக்கும். அவர் கேட்ட முதல் கேள்வி: "மாதத்தில் எத்தனை நாள் வலி? எத்தனை நாள் மாத்திரை?" என்னால் பதில் சொல்ல முடியவில்லை. "அதிகமா" என்றேன். "அதிகம் என்றால் எத்தனை? நீ என்ஜினியரிங்தானே?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். உட்கார்ந்து போன் காலண்டரைப் பார்த்து எண்ணினோம். போன மாதம் 19 நாள் வலி, 17 நாள் மாத்திரை.

அப்போதுதான் அவர் விளக்கினார். வலி மாத்திரையை அடிக்கடி போட்டால் அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும். பாராசிட்டமால் போன்ற சாதாரண மாத்திரையை மாதத்தில் 15 நாளோ அதற்கு மேலோ, சில வகை மாத்திரைகளை 10 நாளோ அதற்கு மேலோ, 3 மாதத்துக்கு மேல் எடுத்தால் இந்த நிலை வரலாம். வலிக்கு மாத்திரை, மாத்திரையால் வலி. நான் அந்தச் சக்கரத்துக்குள் மாட்டியிருந்தேன்.

தோழி கொடுத்த மாத்திரை பற்றியும் சொன்னேன். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்குச் சில வலி மாத்திரைகள் மூச்சிழுப்பைக் கிளப்பிவிடும் என்றார். அதே மாதிரி, மைக்ரேன் வராமல் தடுக்கப் பலருக்குக் கொடுக்கும் ப்ரொப்ரானலால் என்ற மருந்தும் ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது. அதனால் எனக்கு வேறு மருந்து: இரவில் மட்டும் குறைந்த அளவில் அமிட்ரிப்டிலின். இதை எழுதுவது நீங்களும் கேட்டு வாங்க வேண்டும் என்பதற்காக அல்ல. ஒருவருக்கு ஒத்துப்போவது இன்னொருவருக்கு ஆபத்தாகலாம் என்பதற்காக. இரண்டு நோய் இருந்தால் இரண்டையும் ஒரே டாக்டரிடம் சொல்லுங்கள். ஒன்றை மறைத்து ஒன்றுக்கு மருந்து வாங்காதீர்கள்.

மாத்திரையை டாக்டர் சொன்னபடி நிறுத்தினேன். முதல் பத்து நாள் முன்பைவிட மோசம். இப்படி ஆகும் என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்ததால்தான் தாங்கினேன். நல்லவேளை, செமஸ்டர் விடுமுறை. அம்மா பக்கத்திலேயே இருந்து ஈரத்துணி போட்டார், கஞ்சி கொடுத்தார். அப்பா ராத்திரி வந்தால் வாசலில் செருப்பைக்கூடச் சத்தமில்லாமல் கழற்றி வைப்பார். பாட்டி உப்பு, மிளகாய் எடுத்துச் சுத்திப் போட்டார். மிளகாய் நெடி மூச்சுக்கு ஆகாது என்று சொன்னதும், "அப்ப உப்ப மட்டும் சுத்துறேன்" என்று சுத்தினார்! அந்தப் பாசத்தையும் நான் மருந்தோடு சேர்த்துத்தான் எண்ணுகிறேன்.

திருக்குறளில் 95ஆம் அதிகாரம் 'மருந்து'. பள்ளியில் மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. இப்போது படித்தால் ஆச்சரியமாக இருக்கிறது. அதிகாரத்தின் பாதிக்கும் மேல் சாப்பாட்டு அளவைப் பற்றியே பேசுகிறது. பிறகு, நோய் எது, அதன் காரணம் எது என்று கண்டுபிடித்து அதற்குத் தகுந்தபடி செய்யச் சொல்கிறார் வள்ளுவர். கடைசிக் குறளில் மருத்துவத்துக்கு நான்கு பகுதிகள் என்கிறார்: நோயாளி, மருத்துவர், மருந்து, பக்கத்தில் இருந்து கவனிப்பவர். நான் இரண்டு வருடம் மருந்து என்ற ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற மூன்றையும் விட்டுவிட்டேன். நோயாளி என்று என்னை நானே ஒத்துக்கொள்ளக்கூட இல்லை!

5. நோட்டுப் புத்தகம்

டாக்டர் ஒரு வேலை கொடுத்தார். தினமும் எழுத வேண்டும். கடையில் 2 வெள்ளிக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். ஒரு நாளுக்கு ஒரு வரிதான்: எத்தனை மணிக்குத் தூங்கினேன், மூன்று வேளையும் எத்தனை மணிக்குச் சாப்பிட்டேன், வலி உண்டா, பத்துக்கு எத்தனை, மாத்திரை உண்டா, மாதவிலக்கு நாளா, மூச்சு எப்படி. இரண்டு நிமிஷம் போதும்.

மூன்று மாதம் கழித்து வரிகளைப் பார்த்தேன். நான் இத்தனை நாள் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தது வெயிலை. நோட்டோ வேறு கதை சொன்னது. மத்தியானச் சாப்பாடு ரெண்டு மணியைத் தாண்டிய நாட்களில்தான் வலி அதிகம். வார நாளில் ஐந்து மணி நேரம் தூங்கிவிட்டு ஞாயிற்றுக்கிழமை பத்து மணிவரை தூங்கினால், ஞாயிறு மத்தியானம் வலி. மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பு வலி.

என் படிப்பு மொழியில் சொல்கிறேன். வீட்டில் ஏர்கோன், கெட்டில், அயர்ன் மூன்றையும் ஒரே நேரத்தில் போட்டால் கரண்ட் ட்ரிப் ஆகிவிடும். கடைசியாகப் போட்ட அயர்னைத்தான் நாம் குறை சொல்வோம். ஆனால் ட்ரிப் ஆனது மூன்றும் சேர்ந்த சுமையால். என் தலையும் அப்படித்தான். வெயில் மட்டும் இருந்தால் தாங்கும். தூக்கமும் குறைந்து, சாப்பாடும் தள்ளிப்போய், மாதவிலக்கும் நெருங்கி, அதன் மேல் வெயிலும் பட்டால் ட்ரிப். வெயிலை நான் நிறுத்த முடியாது. ஆனால் சாப்பாட்டை ஒரு மணிக்குச் சாப்பிட முடியும். குறைக்க முடிந்த சுமையைக் குறைத்தால், குறைக்க முடியாததைத் தாங்க இடம் கிடைக்கிறது. எல்லா நேரமும் காரணம் தெரிந்துவிடாது. எல்லாம் சரியாகச் செய்த நாளிலும் வலி வந்திருக்கிறது. அதையும் எழுதி வைத்தேன். அன்று என்னை நானே திட்டிக்கொள்வதில்லை.

இப்போது ஒரு மாதத்தில் ஆறு நாள் அளவில் வலி. மாத்திரை மூன்று நாலு நாள். முழுசாகப் போகவில்லை. ஆனால் 19க்கும் 6க்கும் நடுவில் 13 நாள் இருக்கிறது. அந்த 13 நாளும் எனக்குத் திரும்பக் கிடைத்தவை. ஃபெயிலான பேப்பரையும் திரும்ப எழுதிப் பாஸ் செய்துவிட்டேன்.

6. அப்பர் பெருமான் சொல்லும் பாடம்

நம் வகுப்பில் பேச வேண்டிய முக்கியமான இடம் இதுதான்.

திருநாவுக்கரசர் வரலாறு நமக்குத் தெரியும். திருப்பாதிரிப்புலியூரில் சமண மடத்தில் தருமசேனர் என்ற பெயரோடு இருந்தபோது அவருக்குக் கொடிய சூலை நோய் வந்தது. அங்கே செய்த வைத்தியம் எதுவும் கேட்கவில்லை. திருவதிகையில் இருந்த அக்கா திலகவதியாருக்கு ஆள் அனுப்பினார். பிறகு இரவோடு இரவாக அக்காவிடம் போய்ச் சேர்ந்தார். அக்கா திருநீறு கொடுத்து, விடியற்காலையில் கோவிலுக்கு அழைத்துப்போனார். அங்கே பாடிய பதிகம்தான் நான்காம் திருமுறையின் முதல் பதிகம். நோய் நீங்கியது. பெரியபுராணத்தில் சேக்கிழார் இதைச் சொல்கிறார்.

என் தலைவலியைக் கேள்விப்பட்ட உறவுக்கார அத்தை ஒருவர், "அந்தப் பதிகத்த நாப்பத்தெட்டு நாள் பாடு, சரியாப் போயிடும்" என்றார். நான் பாடினேன், ஒருநாளும் விடாமல். வலி போகவில்லை. எனக்குள் ஒரு பயம் வந்தது. அப்பருக்குப் போனது, எனக்குப் போகவில்லை. அப்படியானால் என் பக்தியில் குறையா? சாமிக்கு என்மேல் கோபமா? இதை யாரிடமும் கேட்கவும் வெட்கம்.

கடைசியில் ஞாயிற்றுக்கிழமை தேவார வகுப்பில் ஆசிரியையிடம் கேட்டேன். அவர் என்னையே திரும்பக் கேட்டார்: "அப்பர் முதல்ல என்ன செஞ்சாரு?" "பாடினாரு டீச்சர்." "அதுக்கு முன்னாடி?" யோசித்தேன். "அக்காவுக்குச் சொல்லி அனுப்பினாரு."

அங்கேதான் எனக்கு விளங்கியது. மடத்துக்கே தலைவராக, பெரிய அறிஞராக இருந்தவர். "எனக்கு முடியவில்லை" என்று தன்னை வளர்த்த அக்காவிடம் சொல்ல அவருக்குக் கூச்சம் தடையாகவில்லை. இத்தனைக்கும் அக்காவை விட்டுப் பிரிந்து போனவர் அவர். பதிகத்தைக் கவனித்துப் பார்த்தாலும், வயிற்றுக்குள் குடலைச் சுருட்டிக் கட்டிப்போடுவதுபோல் வலிக்கிறது என்று, எங்கே வலி, எப்படி வலி என்று இறைவனிடம் சொல்கிறார். வலியை மறைத்து நல்ல பேச்சு மட்டும் பேசவில்லை. அக்காவும் "உனக்கு வேணும்" என்று சொல்லவில்லை, பக்கத்தில் நின்றார்.

நான் பரீட்சைக்கு முன்னாலேயே ஒரு தடவை அம்மாவிடம் சொல்லி அனுப்பியிருந்தால்?

இறைவன் சிலருக்கு நோயை நீக்குகிறான். சிலருக்கு நோயோடு நடக்கத் துணை கொடுக்கிறான். எனக்குக் கொடுத்தது ஒரு டாக்டர், ஓர் அம்மா, ஒரு நோட்டுப் புத்தகம். வலி போகவில்லை என்பதால் யாருடைய பக்தியையும் நாம் அளக்கக் கூடாது. நம்முடையதையும் சேர்த்துத்தான். நான் இன்றும் அந்தப் பதிகத்தைப் பாடுகிறேன். மாத்திரைக்குப் பதிலாக அல்ல, மாத்திரையோடு.

7. விரதமும் உடம்பும்

தைப்பூசத்துக்குப் பால்குடம் எடுப்பதாக எனக்கு ஒரு நேர்த்தி இருந்தது. ஒரு வேளை சாப்பாட்டோடு 48 நாள் விரதம் என்று நினைத்திருந்தேன். நோட்டைப் பார்த்தால், சாப்பாடு தள்ளிப்போனால் வலி என்று வரிக்கு வரி இருக்கிறது. டாக்டரும் "பட்டினி வேண்டாம்" என்றார். நேர்த்தியைத் தள்ளிப்போட மனசில்லை.

அம்மா கோவில் குருக்களிடம் போய் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சொன்னது: "மூணு வேளையும் சைவமா, நேரத்துக்குச் சாப்பிடட்டும். அதுக்குப் பதிலா வேற எதையாவது விடட்டும்மா. விரதம்னா வயித்துக்கு மட்டுமா?" நான் இரவு பத்தரைக்கு மேல் போனைத் தொடுவதை விட்டேன். நண்பர்களே, பட்டினியைவிட அது கஷ்டம்! தூக்கமும் சரியானது.

தைப்பூசத்தன்று வெயில் ஏறும் முன், விடியற்காலை இருட்டிலேயே பத்துமலை 272 படிகளையும் ஏறினோம். உறுமி மேளம் பக்கத்தில் வரும்போது காதில் பஞ்சு. தம்பி தண்ணீர், இன்ஹேலர், பிஸ்கட் மூன்றையும் தூக்கிக்கொண்டு கூடவே வந்தான். பாதி வழியில் நின்று மூச்சு வாங்கினேன். பின்னால் வந்தவர்கள் "மெதுவாப் போங்கம்மா" என்று வழிவிட்டார்கள். பால் சிந்தாமல் போய்ச் சேர்ந்தது.

கோவிலில் சாம்பிராணிப் புகை வந்தால் இப்போதும் நான் வெளி மண்டபத்துக்குப் போய்விடுவேன். முன்பு அதற்கு வெட்கப்பட்டேன். இப்போது தூரத்திலிருந்தே கும்பிடுகிறேன். அங்கிருந்தும் சாமி தெரிகிறது.

8. நண்பர்கள் செய்யக்கூடியது

உங்கள் கூட்டத்தில் ஒருவருக்கு இப்படி நோய் இருந்தால், தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்:

"இப்ப தேவலையா?" என்று ஒரு வரி செய்தி அனுப்புங்கள். பதில் வராவிட்டால் கோபப்படாதீர்கள். வலிக்கும்போது திரையைப் பார்க்க முடியாது.

"தண்ணி குடிக்கலயா, தூங்கலயா, போன் பார்த்தியா" என்று விசாரணை நடத்தாதீர்கள். விளக்கை அணைத்து, சத்தத்தைக் குறைத்தாலே போதும்.

உங்கள் மாத்திரையை அவர்களுக்குக் கொடுக்காதீர்கள். என் கதை தெரியுமே.

முகாம், கூட்டம் நடத்துகிறவர்களே, சாப்பாட்டு நேரத்தைத் தள்ளாதீர்கள். பேச்சாளர் நீட்டினாலும் ஒரு மணிக்குச் சோறு போடுங்கள்.

இதை மட்டும் மறக்காதீர்கள். திடீரென்று, வாழ்க்கையில் வராத அளவு கடுமையான தலைவலி, ஒரு பக்கக் கை, கால் மரத்துப்போதல் அல்லது பலம் இழத்தல், பேச்சு குளறுதல், காய்ச்சலோடு கழுத்து விறைத்தல், தலையில் அடிபட்ட பிறகு வரும் வலி. இவற்றில் எது வந்தாலும் "மைக்ரேன்தான்" என்று வீட்டில் படுக்க வைக்காதீர்கள். உடனே 999க்கு அழையுங்கள், அல்லது அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோங்கள்.

9. வகுப்பில் கலந்து பேச

1. உங்கள் வீட்டில் யாராவது வெளியே சொல்லாமல் ஒரு வலியைச் சுமக்கிறார்களா? அம்மாவிடமும் பாட்டியிடமும் கேட்டதுண்டா?

2. திலகவதியார் தம்பிக்குச் செய்தவை என்னென்ன? அவற்றில் நம்மால் செய்யக்கூடியது எது?

3. 'மருந்து' அதிகாரத்தின் பத்துக் குறளையும் படியுங்கள். உங்கள் தினசரிப் பழக்கத்தில் எதை மாற்றச் சொல்கிறது?

4. உடல்நிலை காரணமாக விரதம் முழுமையாக இருக்க முடியாத நண்பரிடம் நாம் என்ன சொல்வோம்? என்ன சொல்லக் கூடாது?

இந்தப் பாடத்தை எழுதி முடிக்க எனக்கு ஒன்பது நாள் ஆனது. நடுவில் இரண்டு நாள் வலி. நோட்டில் எழுதிவிட்டேன். முன்பு என்றால் அண்ணனிடம் ஏதாவது பொய்ச் சாக்கு சொல்லியிருப்பேன். இந்த முறை, "அண்ணா, தலைவலி, ரெண்டு நாள் டைம் கொடுங்க" என்று மட்டும் கேட்டேன். "சரிம்மா, மெதுவா எழுது" என்றார். அவ்வளவுதான். சொல்வது இவ்வளவு சுலபமா என்று எனக்கே ஆச்சரியம்.

நீங்களும் இன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள்.

திருச்சிற்றம்பலம்.